எத்தனை டிகிரி? உப்பளத்து வேலை விளங்க ஓர் எண்

தூத்துக்குடி உப்பளத்தில் ஒருவர் “எத்தனை டிகிரி இருக்கு?” என்று கேட்டால் அவர் வெயிலைக் கேட்கவில்லை. யாருடைய படிப்பையும் கேட்கவில்லை. பாத்தியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று கேட்கிறார். “இருவத்திநாலு காட்டுதுண்ணே” என்று பதில் வந்தால் இன்றைக்குத் திறக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். “இருவத்தியொம்பது” என்று வந்தால் உடனே மடையை வெட்டு என்று அர்த்தம்.

உப்பளத்தில் யார் எப்போது என்ன வேலை செய்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், உப்பு ஏன் சில சமயம் கசக்கிறது என்று எதைக் கேட்டாலும் பேச்சு இந்த எண்ணில்தான் வந்து நிற்கும். எனவே இதிலிருந்தே தொடங்குவோம்.

இந்த டிகிரிக்குப் போமே டிகிரி என்று பெயர். ஆன்டுவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768இல் வகுத்த அளவு. கருவி மிக எளியது: அடியில் கனம் வைத்து மூடிய கண்ணாடிக் குழல், உள்ளே எண்கள் அச்சடித்த காகிதம். தண்ணீரில் விட்டால் செங்குத்தாக மிதக்கும். நல்ல தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து 0 காட்டும். உப்பு ஏற ஏறத் தண்ணீர் கனத்து, குழலை மேலே தூக்கும். தண்ணீர் மட்டம் தொடும் எண்தான் டிகிரி. ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் கலக்கும்போது முட்டையைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதுவும் இதே வித்தைதான். புது முட்டை மிதக்கத் தொடங்கும்போது அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கும்.

குழலைப் பார்ப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சூடான தண்ணீர் விரிந்து லேசாகிவிடும். அதனால் நடுப்பகலில் குழல் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மதியம் 24 காட்டிய பாத்தி மறுநாள் விடியலில் 25ஐத் தொட்டு நிற்பதற்கு இரவெல்லாம் உப்பு ஏறியது காரணமல்ல, தண்ணீர் குளிர்ந்ததுதான் காரணம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில் பார்ப்பது நல்லது.

கடலிலிருந்து பாத்தி வரை

கடல் தண்ணீர் சுமார் 3.5 டிகிரி. ஆயிரம் லிட்டரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கும். உப்புகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் நாம் சோற்றில் போடும் உப்பு 27 கிலோ அளவுக்குத்தான். மீதியில் சுண்ணாம்பு, ஜிப்சம், மெக்னீசிய உப்புகள், கொஞ்சம் பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கும். வெறுமனே கடல் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்ற விட்டால் கிடைப்பது இந்தக் கலவைதான். அது கசக்கும், நீர்த்துக்கொள்ளும், பல்லில் நறநறக்கும்.

உப்பளத்தின் முழு வித்தையும் இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதில் இருக்கிறது. ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. தண்ணீர் வற்றிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு பொருளும் அதனதன் டிகிரியில் படியும். எனவே தண்ணீரை ஒரே இடத்தில் வற்ற விடாமல், டிகிரி ஏற ஏற ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு நகர்த்திக்கொண்டே போனால், வேண்டாதது முந்தைய பாத்தியில் தங்கிவிடும்.

முதலில் பெரிய தேக்கம். கடலிலிருந்தோ கழியிலிருந்தோ ஓதத்தின்போது தண்ணீர் ஏற்றுவார்கள், அல்லது மோட்டார் வைத்து இறைப்பார்கள். சேறும் பாசியும் இங்கே அடங்கும். டிகிரி ஏழைத் தொடும்போது தண்ணீரில் பாதி ஆவியாகிப் போயிருக்கும். இது பலருக்கும் வியப்பாக இருக்கும்: 3.5லிருந்து 7க்கு வருவது சின்ன ஏற்றம்போலத் தெரிந்தாலும் மொத்த வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியிலேயே சுண்ணாம்பு படிந்துவிடும்.

ஏறத்தாழ 13 டிகிரியில் ஜிப்சம் படியத் தொடங்கும். இப்போது கடலிலிருந்து வந்த தண்ணீரில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். ஜிப்சம் ஊசி ஊசியாக, கண்ணாடிச் சில்லுபோல் தரையில் வளரும். இந்தப் பாத்திகளில் வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கிழியும். சீசன் முடிந்ததும் அதைத் தனியாக வாரி சிமெண்ட் ஆலைகளுக்கு விற்பவர்கள் உண்டு.

20ஐத் தாண்டினால் தண்ணீர் நிறம் மாறும். முதலில் பச்சை கலந்து, பிறகு இளஞ்சிவப்பாக, சில இடங்களில் செம்பருத்தியை ஊறவைத்த தண்ணீர்போல இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ ஆலைக்கழிவு கலந்துவிட்டது என்று நினைப்பார்கள். இது கடும் உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களின் நிறம். சிவப்புத் தண்ணீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் சூடேறும். அதனால் வேகமாக வற்றும். உப்பளத்துக்காரர்களுக்கு அந்த நிறம் நல்ல செய்தி.

25 டிகிரியைத் தாண்டி 25.5 வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். விளைவது என்றுதான் சொல்வார்கள். பாத்தி, வரப்பு, மடை, விளைச்சல் எல்லாமே வயல்காட்டுச் சொற்கள். இந்த இடத்துக்கு வரும்போது ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுமார் 100 லிட்டராகச் சுருங்கியிருக்கும். ஆகவேதான் உப்பளத்தைச் சாலையிலிருந்து பார்க்கும்போது பெரும்பரப்பு வெறும் தண்ணீராகத் தெரியும். வெள்ளையாகத் தெரியும் பாத்திகள் கொஞ்சம்தான். கடல் தண்ணீரை நம்பி நடக்கும் அளத்தில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில்தான் உப்பு விளையும். ஒன்பது பங்கு நிலம் தண்ணீரைக் கெட்டிப்படுத்துவதற்கே போய்விடும்.

29 டிகிரி வந்தால் நிறுத்த வேண்டும். தண்ணீரில் இருந்த நல்ல உப்பில் பெரும்பகுதி அதற்குள் இறங்கிவிட்டிருக்கும். அதற்கு மேல் மெக்னீசிய உப்புகள் கூடவே படியும். எஞ்சும் அந்தக் கசப்புத் தண்ணீர் கையில் எண்ணெய்போல் வழுக்கும், நாக்கில் வைக்க முடியாது. அதை வடித்துவிட்டு, 25 டிகிரித் தண்ணீரைப் புதிதாகப் பாய்ச்ச வேண்டும்.

ஒரு கிலோ உப்புக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25.5க்கும் 29க்கும் இடையில் வாரக் கிடைப்பது ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 50 லிட்டர் கடல் தண்ணீர் ஆகிறது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வற்றினால் ஒரு சதுர மீட்டரில் 5 லிட்டர் போகும். ஆக, ஒரு சதுர மீட்டர் நிலம் பத்து நாள் வெயில் காய்ந்தால் ஒரு கிலோ உப்பு. அதுவும் ஒரு சொட்டும் தரையில் இறங்காமல் இருந்தால்.

தூத்துக்குடியில் பலரும் கடல் தண்ணீரோடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் பயன்படுத்துவது இந்தக் கணக்கினால்தான். நிலத்தடியில் கிடைக்கும் உப்புத் தண்ணீர் சில இடங்களில் 7, 8 டிகிரியிலேயே வரும். பாதி வேலை முடிந்த தண்ணீர் என்றால் பாதி நிலம் மிச்சம். ஆனால் இறைக்க இறைக்க ஊற்று கீழே போகும், டிகிரியும் நிலையாக இருக்காது. பக்கத்து விவசாயக் கிணறு உப்பாகிவிட்டது என்ற சண்டையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் சண்டையில் விவசாயி சொல்வது பெரும்பாலும் நியாயம்தான்.

தரையை மிதிப்பது

பாத்தி ஒழுகினால் டிகிரி ஏறாது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் வற்றும் இடத்தில் 2 மில்லிமீட்டர் மண்ணில் இறங்கினால், இறங்கியது வெறும் தண்ணீர் அல்ல. வாரக்கணக்கில் வெயிலில் சேர்த்த உப்பும் அதோடு போகிறது. 20 டிகிரிக்கு மேல் ஒழுகும் பாத்தி பணத்தை மண்ணில் புதைக்கும் பாத்தி.

ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி பிறந்ததும் நடக்கும் முதல் வேலை தரை பண்ணுவது. மழைத் தண்ணீரை வெட்டி விடுவார்கள். மேலே படிந்த வண்டலை வாரி வரப்பில் போடுவார்கள். களிமண் பாதி காய்ந்து, கை வைத்தால் ஒட்டாமல் ஆனால் அழுத்தினால் பதிகிற பதத்தில் இருக்கும்போது வரிசையாக நின்று குதிகாலால் மிதிப்பார்கள். ஓரடி விடாமல் மிதிக்க வேண்டும். பிறகு பலகையால் சமன் செய்து, ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, லேசாகத் தண்ணீர் கட்டி மறுபடியும் மிதிப்பார்கள். பல சுற்று இப்படிப் போகும்.

பதம் தவறினால் இரண்டு விதமாகக் கெடும். ஈரம் கூடுதலாக இருக்கும்போது மிதித்தால் மண் குழைந்து, காய்ந்தபின் வெடிக்கும். மிகவும் காய்ந்தபின் மிதித்தால் மேலே மட்டும் இறுகி அடியில் துளை அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு இயந்திர உருளை பயன்படுத்துகிற பெரிய அளங்கள் உண்டு. சின்னப் பாத்திகளில், அதுவும் மூலைகளிலும் வரப்போரத்திலும், இன்னும் கால்தான். இதைத் திறன் தேவைப்படாத வேலை என்று சொல்ல மனம் எப்படி வருகிறதோ தெரியவில்லை. ஓர் ஆண்டு விளைச்சல் நிற்பதே அந்தக் குதிகாலின் மேல்தான்.

வாருவது

தரை தயாரானதும் 25 டிகிரித் தண்ணீரை விரலளவு ஆழத்துக்குப் பாய்ச்சுவார்கள். ஆழம் குறைவாக இருந்தால் சீக்கிரம் சூடேறி வேகமாக விளையும், ஆனால் டிகிரி சட்டென்று எகிறும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் 29ஐத் தாண்டிவிடும். ஆழம் கூடினால் மெதுவாக விளையும், கல் பெரிதாக வரும், கண்காணிக்க நேரம் கிடைக்கும். சின்னப் பாத்தியில் ஒன்றுவிட்டு ஒருநாள் வாருகிறவர்களும் உண்டு, வாரக்கணக்கில் விட்டு வாருகிறவர்களும் உண்டு. வாங்குகிறவர் பொடிக்கல் கேட்கிறாரா பெருங்கல் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தது அது.

காற்றில்லாத நாளில் தண்ணீருக்கு மேலேயே உப்பு மெல்லிய ஏடாகக் கட்டி மிதக்கும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் அது மூடிபோல் நின்று கீழே உள்ள தண்ணீரை வற்ற விடாது. பலகையை லேசாக ஓட்டி அதை உடைத்து அமிழ்த்த வேண்டும்.

வாரும் பலகைக்கு நீளக் காம்பு. விளைந்த உப்பைத் தண்ணீருக்குள்ளேயே இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். பலகையைப் பிடிக்கும் சாய்வில்தான் நுட்பம். அழுத்தினால் அடிக்களி கிளம்பி உப்பு கறுத்துவிடும். தூக்கிப் பிடித்தால் பாதி உப்பு தரையிலேயே தங்கிவிடும். தேர்ந்தவர்கள் அடியில் ஒரு மெல்லிய உப்புத் தளத்தை விட்டுவைத்து அதற்கு மேல் உள்ளதை மட்டும் வாருவார்கள். உப்பு வெள்ளையாக வந்தால் அதில் ஒரு பெருமிதம் இருக்கும். பக்கத்துப் பாத்தி உப்பு மங்கலாக இருந்தால் யார் வாரினார்கள் என்று விசாரிப்பும் நடக்கும்.

வாரியதை அப்படியே எடுத்துப் போவதில்லை. வரப்போரம் ஒரு பொழுது கிடந்தால் கல்லில் ஒட்டியிருக்கும் கசப்புத் தண்ணீர் வடியும். பிறகு பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகத் தட்டுமேட்டுக்குக் கொண்டு போவார்கள். அளத்தில் உப்பைக் குவித்து வைக்கும் உயர்ந்த தரைக்குத் தட்டுமேடு என்று பெயர். ஈர உப்பு ஒரு சுமை 25, 30 கிலோ வரும். ஒரு டன் ஏற்ற நாற்பது நடை. வரப்பு குறுகல், ஈரம், இரு பக்கமும் தண்ணீர்.

உப்பைக் கழுவ வேண்டியிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவக் கூடாது, கரைந்து போகும். 25 டிகிரித் தெளிந்த தண்ணீரில் கழுவினால், ஏற்கனவே உப்பால் நிறைந்த தண்ணீர் என்பதால் உப்பைக் கரைக்காது. ஒட்டியிருக்கும் மெக்னீசியத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கே தவறும்

அவசரப்பட்டு 22, 23 டிகிரியில் பாத்திக்கு விட்டால் ஜிப்சம் முழுதாக இறங்கியிருக்காது. அது உப்போடு சேர்ந்து படியும். வெள்ளையாகத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உப்பை மூலப்பொருளாக வாங்கும் காஸ்டிக் சோடா ஆலைக்காரர் சோதித்துப் பார்த்து விலையைக் குறைப்பார் அல்லது லாரியைத் திருப்பி அனுப்புவார்.

தாமதித்து 30ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் சேரும். அந்த உப்பு கொஞ்சம் கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசகசவென்று நீர்த்துக்கொள்ளும். வீட்டில் ஜாடிக்குள் கல்லுப்பு அடியில் தண்ணீர் விட்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இன்னொரு பின்விளைவும் உண்டு. கடையில் விற்கும் சாப்பாட்டு உப்பில் 15 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு, குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஆலையில் ஒரு டன்னுக்கு 30 கிராம் அயோடின் சேர்க்கச் சுமார் 50 கிராம் பொட்டாசியம் அயோடேட் போதும். ஈரம் கட்டும் உப்பில் இந்த அயோடின் நிற்காமல் குறைந்துகொண்டே போகும். அளத்தில் ஒருநாள் மடை திறக்கத் தாமதமானதை அடுப்படிவரை உப்பு சுமந்துகொண்டு வருகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 டிகிரித் தண்ணீருக்கு ஒரு குணம்: சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது வற்றுவதை நிறுத்திவிடும். அதற்கும் மேலே போனால் தண்ணீரைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் இரவு ஈரப்பதம் எளிதாக அந்த அளவைத் தொடும். அதனால் கடல் தண்ணீர்த் தேக்கம் இரவிலும் கொஞ்சம் வற்றும், உப்புப் பாத்தி பகலில்தான் வற்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஈரமெல்லாம் இழந்து வரும் மேல்காற்று உப்பளத்துக்குப் பொன்னான காற்று. கூடவே தேரி எனும் செம்மணல் காட்டுப் புழுதியையும் கொண்டுவந்து கொட்டும். பலமாக அடித்தால் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளி, பாத்தியின் மறுபக்கத்தில் தரை காய்ந்து போகும்.

மழை

ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிடும் கோடையில், மேகம் கறுத்தால் வயிறு கலங்கும் பிழைப்பு இது. கணக்கு இப்படி: 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 350 கிராம் உப்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ, ஏக்கருக்கு 14 டன். ஒரு மணி நேரத் தூறல் இவ்வளவையும் முழுதாகக் கரைத்துவிடாது என்றாலும், கரைக்கக்கூடிய வலு அதற்கு உண்டு.

அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. மழைத் தண்ணீர் லேசு. 25 டிகிரித் தண்ணீர் கனம். இரண்டும் உடனே கலக்காது, மழைத் தண்ணீர் மேலே ஏடுபோல் நிற்கும். காற்று அடித்துக் கலக்குவதற்குள் ஓடிப்போய், மடையின் மேல்மட்டத்தை மட்டும் மெல்ல வெட்டி மேல்தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆழமாக வெட்டினால் கெட்டித் தண்ணீரும் போய்விடும். எவ்வளவு வெட்டுவது, எப்போது அடைப்பது என்பதைக் குழல் வைத்துப் பார்க்க நேரமிருக்காது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தும், வழியும் தண்ணீர் மினுக்கும் விதத்தைப் பார்த்தும் முடிவெடுப்பார்கள். நள்ளிரவில் மழை வந்தால் குடும்பத்தோடு அளத்துக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டியது போன்ற மழைக்கு இதெல்லாம் பயன்படாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 70 சென்டிமீட்டருக்குள்தான். தட்டுமேட்டில் குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனது, பாத்திகளில் சேறு வந்து படிந்தது.

உடம்பும் மனசும்

உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கும். மூன்று, நான்கு மணிக்கே போய், முற்பகலில் முடித்துக்கொள்வதுதான் பலரின் வழக்கம். வெப்பம் ஒரு காரணம். அதைவிடக் கண் முக்கியமான காரணம். வெயில் ஏறியபின் மேலேயிருந்து ஒரு சூரியன், கீழே வெள்ளைப் பாத்தியிலிருந்து இன்னொரு சூரியன். கண்ணில் நீர் வடிவதும், மணல் விழுந்ததுபோல் உறுத்துவதும், நாளடைவில் பார்வை மங்குவதும் இங்கே எல்லோரும் சொல்கிற குறைகள்.

கறுப்புக் கண்ணாடி, ரப்பர் பூட்ஸ், கையுறை போட்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கொடுக்கவும் கொடுக்கிறார்கள். ஆனால் கண்ணாடியில் வியர்வையும் உப்புத் தெறிப்பும் படிந்து பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாது. துடைக்க ஈரமில்லாத துணி உடம்பில் எங்கே இருக்கிறது? பூட்ஸுக்குள் ஒருமுறை உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெறுங்காலைவிட மோசம், தோலை அறுத்துவிடும். போதாததற்கு, பூட்ஸ் தடம் மிதித்துப் பண்ணிய தரையைக் கெடுக்கும். அதனால் பூட்ஸ் வேண்டாம் என்று வேலை வாங்குகிறவரும் சொல்வார், வேலை செய்கிறவரும் சொல்வார். பாதத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு இறங்குவதுதான் பலருக்கும் இருக்கும் ஒரே காப்பு. குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறும்போது உண்டாகும் எரிச்சலுக்குப் பழகிவிடலாம் என்று சொல்வார்கள். வெடிப்பு ஆறுவதற்கு மட்டும் வாரக்கணக்கில் தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும். சீசனில் யாரால் முடியும்?

பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. பரந்த வெட்டவெளியில் மறைவிடம் கிடையாது. கழிப்பறை இருக்கும் அளம் குறைவு. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வியர்வை கொட்டும் வேலையில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் வராமல் என்ன செய்யும்? ஒரு நல்ல கழிப்பறையும் குடிதண்ணீர்த் தொட்டியும் நிழலுக்கு ஒரு கொட்டகையும், கண்ணாடி பூட்ஸ் எல்லாவற்றையும்விடப் பெரிய மருத்துவம் என்று நினைக்கிறேன்.

கூலியை நாள் கணக்கில் கொடுப்பதும் உண்டு, டன் கணக்கில் கொடுப்பதும் உண்டு. டன் கணக்கில் வேலை செய்கிறவருக்கு டிகிரி நேரடியாக வயிற்றைத் தொடும். மேல்மடையில் இருப்பவர் 22இல் விட்டுவிட்டால் இவர் பாத்தியில் விளைச்சல் தள்ளிப்போகும். அன்றைக்கு வாருவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால்தான் “எத்தனை டிகிரி?” என்ற கேள்விக்கு அவ்வளவு அவசரம்.

வேலையைப் பற்றி அவர்களிடம் கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. முதல் வாரலில் வெள்ளை வெளேரென்று உப்பு ஏறும்போது மனசு நிறையும் என்பவரே, பிள்ளைகளை இந்தப் பக்கம் விடமாட்டேன் என்றும் சொல்வார். நாலு மணி நேரம் உழைத்துவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், மேலே நின்று யாரும் விரட்டுவதில்லை என்று விரும்பிச் செய்கிறவர்கள் உண்டு. டவுனில் கடை வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. உப்புக்கு விலை இல்லை என்ற ஒரு குறையில் மட்டும் முதலாளி, குத்தகைக்காரர், கூலியாள் மூவரும் ஒன்றாகப் பேசுவார்கள். மூவரின் நட்டமும் ஒரே அளவு அல்ல என்பது வேறு விஷயம். விலை சரிந்தால் முதலாளி உப்பைத் தட்டுமேட்டிலேயே போட்டுவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். கூலிக்கு அப்படிக் காத்திருக்க வழியில்லை.

அக்டோபருக்குப் பிறகு

செப்டம்பர் இறுதியில் தட்டுமேட்டுக் குவியல்களைக் கூரைபோல் சரிவாக்கிப் பனையோலை வேய்வார்கள். இப்போது தார்ப்பாயும் வந்துவிட்டது. ஓலை கூடுதல் வேலை, ஆனால் உள்ளே வியர்க்காது. தார்ப்பாய் சீக்கிரம் முடியும். கட்டு சரியில்லையென்றால் முதல் புயல்காற்றிலேயே பறந்துவிடும். குவியலைச் சுற்றி வடிகால் வெட்டுவதை மறக்கக் கூடாது. மேலே நனையாத உப்பும் அடியில் தண்ணீர் நின்றால் கரைந்து சரியும்.

பிறகு மூன்று மாதம் வேலை இல்லை. பாத்திகள் குளமாகிவிடும், குழலை விட்டால் 1 டிகிரிகூடக் காட்டாது. இந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 55 ரூபாய்தான். மீதிக்கு அளத்தில் முன்பணம் வாங்குவார்கள். வாங்கிய கையோடு, அடுத்த சீசனில் எந்த அளத்துக்கு வேலைக்குப் போவது என்பதும் முடிவாகிவிடும். கூலி கூட்டிக் கேட்க வேண்டிய ஜனவரி மாதத்தில் கணக்குப்பிள்ளையின் நோட்டில் ஏற்கனவே பெயருக்கு நேரே ஒரு தொகை நிற்கும்.

மழை நின்று, தண்ணீரை வெட்டி விட்டு, வண்டலை வாரியபின் மறுபடியும் வரிசையாக நின்று மிதிக்கத் தொடங்குவார்கள். தரை எப்போது தயார் என்பதற்குக் குழலும் இல்லை, டிகிரியும் இல்லை. முழு எடையையும் ஒரு காலில் ஊன்றி நிற்கும்போது குதிகால் பதியாமல் இருந்தால் மடையைத் திறக்கலாம்.